ஆபரேஷன் தியேட்டர் வாசலில் ஒரு தட்டு

லேபில் இப்போது வேலை செய்யும் பிள்ளைகள் என்னைக் கண்டால் அந்தக் குடுவையைப் பற்றித்தான் கேட்கிறார்கள். அலுமினியக் குடுவை, வாய் சிறுத்து வயிறு பெருத்தது, பக்கத்துக்கொரு கைப்பிடி. மாடிப்படிக்கு அடியில் கிடக்கிறது. மழைக்காலத்தில் அதில் குடையைச் செருகி வைக்கிறார்கள். "அண்ணாச்சி, இதையும் தூக்கிக்கொண்டு நிங்கள் ஓடியிட்டுண்டோ?" என்று சிரிக்கிறார்கள். ஓடியதில்லை. ஓடக்கூடாது என்பதுதான் எனக்கு அங்கே சொல்லப்பட்ட முதல் விதி.

இப்போது மார்பில் எடுத்த கட்டியை பார்மலினில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, மெல்லியதாகச் சீவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்தே விஷயத்தைச் சொல்லிவிடுகிறார்கள். குளிர் வேண்டாம், குடுவை வேண்டாம், அதைத் தூக்க ஆள் வேண்டாம். நல்லதுதான். பதினைந்து பேர் சேர்ந்து பாடுபட்டதை ஒரு பெண் நாற்காலியில் உட்கார்ந்து முடிக்கிறாள் என்றால் சந்தோஷப்படத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பிள்ளைகள், "பழைய கதையை எழுதிக் கொடுங்கள், ஆண்டு மலரில் போடுகிறோம்" என்று விடாமல் கேட்டார்கள். மலையாளம் எனக்குப் பேச்சோடு சரி. தமிழில் எழுதியிருக்கிறேன். இந்த ஊரில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை.

என் படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றது. செங்கோட்டைப் பக்கத்துக்காரன். ஓர் இடத்தில் ஒரு வருஷம் இருந்தால் எனக்குக் கால் அரிக்கத் தொடங்கிவிடும். நாகர்கோவிலில் ஹோட்டலில் மேசை துடைத்தேன். திருவனந்தபுரத்துக்கு வந்து சாலைக் கடைத்தெருவில் அரிசி மண்டியில் மூட்டை தூக்கினேன். லாரியில் கிளீனராகப் போனேன். போனக்காடு தேயிலைத் தோட்டத்தில் ஒரு மழைக்காலம் முழுக்க அட்டைக்கு ரத்தம் கொடுத்தேன். வேலையில்லாமல் திரிந்த நாட்களில் பழவங்காடிப் பிள்ளையார் கோயில் முன்னால் உடைக்கும் விடலைத் தேங்காயில் சில்லு பொறுக்கித் தின்றிருக்கிறேன். நல்ல தேங்காய், குறை சொல்ல ஒன்றுமில்லை.

கடைசியாக ஊருக்கு வெளியே ஒரு கால்நடைப் பண்ணையில் சேர்ந்தேன். நல்ல ஜாதிக் காளையின் விந்தை உறையவைத்து, ஊர் ஊராகக் கொண்டுபோய்ப் பசுக்களுக்குச் செலுத்துவார்கள். உறையவைப்பதற்குத் திரவ நைட்ரஜன் இருந்தது. பார்க்கத் தண்ணீர்போல இருக்கும், வெள்ளையாகப் புகையும். விரலில் பட்டால் நெருப்புப் பட்டதைப் போலக் கொப்பளிக்கும். அதைச் சிந்தாமல் ஊற்றவும், குடுவையின் வாயைக் காற்று போகிற மாதிரி மூடவும் அங்கே பழகினேன். எழுபதுகளின் பிற்பகுதி அது. பழகி முடித்து, வழக்கம்போல அடுத்த இடத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தபோது அன்னம்மா மேடம் அங்கே வந்தார்.

கறுத்து மெலிந்த உருவம். முப்பது வயது இருக்கும். எந்நேரமும் வாயில் ஓர் ஏலக்காய். நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றை ஒட்டிய ஆராய்ச்சிக்கூடத்தில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். அவருக்கு நைட்ரஜன் வேண்டும்; ஊரில் இந்தப் பண்ணையை விட்டால் வேறு இடமில்லை. பண்ணை அதிகாரி, "தரலாம், ஆனா தூக்கிக்கொண்டு போறது யாரு?" என்று கேட்டுக்கொண்டே என்னைப் பார்த்தார்.

மேடமும் என்னைப் பார்த்தார். "அண்ணாச்சிக்குப் பேடியுண்டோ?"

பயமா என்று கேட்கிறார். "எதுக்குப் பயம்?"

"கேன்சராணு எங்களுடெ வேலை."

"ஒட்டுமா?"

"ஒட்டாது."

"அப்ப என்ன பயம். வாறேன்."

ஒரு மழைக்காலம் இருந்து பார்க்கலாம் என்றுதான் போனேன். ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்துவிட்டேன். கால் அரிக்கவில்லை. அதற்குக் காரணம் மேடம் பாதி, பகவதி என்ற ஒரு பெண் பாதி.

வாரா வாரம் பண்ணைக்குப் போய் நைட்ரஜன் நிரப்பி வருவது என் முதல் வேலை. லேப் ஜீப் பாதி நாள் பணிமனையில் கிடக்கும். அப்போதெல்லாம் பஸ்தான். குடுவையைக் கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் மூடியின் ஓரத்தில் புகை வந்துகொண்டிருக்கும். ஒருமுறை கண்டக்டர் விசிலைக் கடித்தபடியே கேட்டார்: "எந்தா அண்ணாச்சி, வெடிகுண்டோ?"

"குண்டு இல்ல சேட்டா. மாட்டாஸ்பத்திரிச் சாமான்."

"ஏது சாமான்?"

"காளையோடது."

பஸ் முழுக்கச் சிரித்தது. என் பக்கத்தில் இருந்த பெரியவர் மட்டும் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார். எனக்குக் கால் நீட்ட இடம் கிடைத்தது.

மேடத்தின் ஆராய்ச்சியை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். மார்பில் வரும் புற்றுக்கட்டிகள் எல்லாம் ஒரே சுபாவம் உள்ளவை அல்ல. சில கட்டிகள் பெண்ணுடம்பில் ஊறும் ஹார்மோனைப் பிடித்துத் தின்று வளர்கின்றன. அப்படிப் பிடிப்பதற்கு அவற்றில் ஒரு பொருள் இருக்கிறது. மேடம் மற்றவர்களிடம் அதை ரிசப்டர் என்பார். என்னிடம் 'பிடி' என்பார். பிடி உள்ள கட்டி என்றால் அந்தப் பிடியை அடைத்து அதைப் பட்டினி போடலாம். அதற்கு ஒரு மாத்திரை அப்போதுதான் வரத் தொடங்கியிருந்தது. பிடி இல்லாத கட்டிக்கு அதைக் கொடுத்துப் பிரயோசனமில்லை. அதுவரை, நோய் பரவிய பெண்களுக்குச் சினைப்பையை எடுத்துப் பார்ப்பார்கள். சிலருக்குக் கேட்கும், பலருக்குக் கேட்காது. யாருக்குக் கேட்கும் என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. அந்த வழியை இந்த ஊரில் உண்டாக்குவதுதான் மேடத்தின் வேலை.

சங்கடம் என்னவென்றால், அந்தப் பிடி சூட்டில் செத்துவிடும். உடம்பிலிருந்து வெட்டியெடுத்த துண்டு திருவனந்தபுரத்து வெயிலில் கொஞ்ச நேரம் கிடந்தால் போதும். அதனால்தான் நைட்ரஜன். நான் குடுவையோடு தியேட்டர் வாசலில் நிற்பேன். துண்டு கைக்கு வந்ததும் அலுமினியத் தாளில் சுற்றி, நூல் கட்டி, உள்ளே இறக்குவேன். தண்ணீரில் பழுத்த இரும்பை விட்டதுபோல 'சுர்'ரென்று சத்தம் வரும். சத்தம் நின்றால் உறைந்துவிட்டது என்று அர்த்தம். அதற்குமேல் அவசரமில்லை. ஓடி விழுந்து குடுவையை உடைப்பதுதான் ஆபத்து. "அண்ணாச்சி, ஓடண்டா. நடந்தா மதி" என்று மேடம் முதல் நாளே சொன்னது இதனால்தான்.

லேபில் அந்தத் துண்டை எஃகு உரலில் போட்டு இடிப்பது என் வேலை. உரலையும் உலக்கையையும் முன்பே குளிரவைத்திருப்போம். உறைந்த சதை கண்ணாடி மாதிரி நொறுங்கும். பொடியை ஐஸில் வைத்து மேடத்திடம் கொடுத்தால் அவர் குளிர் அறைக்குள் போய்விடுவார். வெளியே விசிறி ஓடியும் சட்டை நனையும். உள்ளே அவர் ஆண்கள் போடும் கம்பளி ஸ்வெட்டரும் காலுறையுமாக நிற்பார். பொடியைக் கரைத்து, வேகமாகச் சுழலும் யந்திரத்தில் இட்டுத் தெளிய வைத்து, மேலே நிற்கும் தெளிவில் லேசாகக் கதிர்வீச்சு ஏற்றிய ஹார்மோனைச் சேர்ப்பார். பிறகு கரித்தூள். பிடிபடாமல் மிதக்கும் ஹார்மோனை எல்லாம் கரி தின்றுவிடும். கரியை ஒதுக்கியபின் மிச்சம் இருப்பது பிடி பிடித்து வைத்திருப்பது. அதை எண்ணுவதற்கு ஒரு யந்திரம். நடுவில் கரண்ட் போனால் எல்லாம் வீண்.

கரண்ட் போனாலும் சோதனைக் குழாய் உடைந்தாலும் மேடம் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. "சாரமில்லா" என்பார். பரவாயில்லை என்று பொருள். பிறகு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, "முதல்ல இருந்து பறயணும். நிங்கள் கண்டது மாத்திரம்" என்பார். நினைத்ததைச் சொல்லக்கூடாது, கண்டதைச் சொல்ல வேண்டும். முதலில் எனக்கு இது எரிச்சலாக இருந்தது. முதலாளிகளிடம் திட்டு வாங்கிப் பழகியவன். திட்டினால் வாங்கிக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விடலாம். இவர் கண்டதைச் சொல் என்று உட்கார வைத்தால் எப்படிப் போவது?

முதலிரண்டு வருஷம் பலன் மோசம். வந்த துண்டுகளில் எதிலுமே பிடி சரியாகத் தெரியவில்லை. வெளிநாட்டில் பாதிப் பேருக்கு மேல் இருக்கிறது என்கிறார்கள். இங்கே இல்லை, இல்லை, இல்லை. மேடத்தின் வழிகாட்டியாக இருந்த பேராசிரியர் நல்ல மனிதர், ஆனால் காத்திருக்க மாட்டார். "நம்முடெ பெண்ணுங்களுக்கு அது இல்லா, அத்ர தன்னே. அங்ஙனே எழுது" என்றார். இந்த ஊர்ப் பெண்களுக்கு அது கிடையாது, அவ்வளவுதான், அப்படியே எழுதிவிடு என்கிறார். எழுதியிருந்தால் பட்டம் வந்திருக்கும்.

அன்று மாலை மேடம் உரலைத் துடைத்துக்கொண்டிருந்த என் பக்கத்தில் வந்து நின்றார். "அண்ணாச்சி, ஞான் அங்ஙனே எழுதினா அப்புறம் இங்க ஒரு பெண்ணுக்கும் அந்த மாத்திரை யாரும் கொடுக்காது. தெரியுமோ?" என்றார். ஏலக்காயைக் கடித்துக்கொண்டே போய்விட்டார். எழுதவில்லை.

அப்படியிருக்கும்போதுதான் பகவதி வந்தாள். தென்காசிப் பக்கம். கட்டட வேலையில் சித்தாள். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். புருஷன் பம்பாய்க்குப் போய் வெகுகாலமாகிறது, போனவன் போனவன்தான். இடது மார்பில் கட்டி உடைந்து புண்ணாகும்வரை சுமந்துகொண்டே சாரம் ஏறியிருக்கிறாள். அதற்குள் நோய் முதுகெலும்புக்குப் போயிருந்தது. புண்ணுக்காக மார்பை எடுப்பது, அதற்குமேல் வலி மருந்து என்று டாக்டர்கள் முடிவு செய்தார்கள். சம்மதத்துக்கு மேஸ்திரி வந்து கைநாட்டு வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி அவள் என் குடுவையைப் பார்த்தாள்.

"என்ன அண்ணாச்சி, சாம்பிராணி போடப் போறீரா?"

தமிழ்க் குரல் கேட்டதில் எனக்குச் சந்தோஷம். "ஆமாக்கா. தூங்கி எந்திரி, வாசனை தெரியும்" என்றேன்.

அந்தத் தியேட்டரில் ஒரு வழக்கம் உண்டு. நம் பக்கத்து ஆஸ்பத்திரிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். எடுத்த கட்டியை ஒரு தட்டில் வைத்து வாசலுக்குக் கொண்டுவந்து நோயாளியின் ஆட்களுக்குக் காட்டுவார்கள். 'இதைத்தான் எடுத்தோம், பார்த்துக்கொள்ளுங்கள்.' பார்த்தால்தான் வீட்டுக்காரர்களுக்குத் திருப்தி. காட்டும் பொறுப்பு கோமளம் சிஸ்டருடையது. கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல். கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு வந்து, "இன்னாருடெ ஆளு உண்டோ?" என்று கூப்பிடுவார். மரத்தடியில் டீ குடிக்கிற மச்சானும் சித்தப்பாவும் ஓடி வருவார்கள். சிஸ்டர் மறுபடி உள்ளே போய்த் தட்டைச் சரிசெய்து எடுத்து வருவார். ஒருத்தர் பார்த்து, இன்னொருத்தரைக் கூப்பிட்டு, ஒரு பாட்டம் அழுது முடிப்பார்கள். அப்புறம் சிஸ்டர் தட்டிலிருந்து ஒரு துண்டை எனக்குத் தருவார்.

அன்று சிஸ்டர் கதவைத் தள்ளி, "பகவதியுடெ ஆளு உண்டோ?" என்றார். பெஞ்சில் யாரும் அசையவில்லை. "ஆளு உண்டோ?" என்று மறுபடி கூப்பிட்டார். மூன்றாம் முறை கூப்பிடவில்லை. "ஆருமில்லா, பாவம்" என்று சொல்லி, பச்சைத் துணி விரித்த தட்டை அப்படியே என்னிடம் நீட்டினார். நான் பார்த்தேன். துண்டைச் சுற்றிக் குடுவைக்குள் இறக்கினேன். சுர்ரென்றது.

அந்தத் துண்டுக்கு எண்ணும் யந்திரம் கொடுத்த கணக்கைப் பார்த்துவிட்டு மேடம் யந்திரத்தைத்தான் சந்தேகப்பட்டார். மிச்சம் வைத்திருந்ததை மறுபடி இடிக்கச் சொன்னார். மறுபடியும் அதே. பிடி இருக்கிறது, அதுவும் ஏராளமாக. ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"முதல்ல இருந்து."

"வித்தியாசமா ஒண்ணுமில்ல மேடம். அதே குடுவை, அதே உரலு."

"கண்டது மாத்திரம் பற."

"கோமளம் சிஸ்டர் வந்தாங்க. ஆளு உண்டோன்னு கேட்டாங்க. யாருமில்ல. தட்ட எங்கிட்ட நீட்டினாங்க. நான் உள்ள போட்டேன்."

"மத்தவங்களுக்கு?"

"மத்தவங்களுக்கு ஆள் இருக்குமே. காட்டுவாங்க."

"எந்து காட்டும்?"

"கட்டியத்தான். ஆளு வந்த பொறவு உள்ள கொண்டுபோயி, கழுவித் தொடச்சு, துணியில வச்சுக் காட்டுவாங்க."

"கழுகியோ?" மேடம் எழுந்துவிட்டார். "எதில் கழுகும்?"

"சுடுதண்ணிலதான். கத்தி கத்திரிக்கோலெல்லாம் வேகவைக்கிற பாத்திரத்துல இருந்து மோந்து விடுவாங்க."

மேடம் ஸ்வெட்டரைக் கழற்றி ஸ்டூலின்மேல் போட்டார். பிறகு சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அழுகிறாரோ என்றுகூட நினைத்தேன். இரண்டு வருஷமாக நைட்ரஜனில் நாங்கள் உறையவைத்தது வெந்நீரில் வெந்த துண்டுகளை.

மறுநாள் காலை என்னோடு தியேட்டர் வாசலுக்கு வந்து, நோயாளிகளின் ஆட்களோடு பெஞ்சில் உட்கார்ந்தார். ஒரு தட்டு வெளியே வந்து போனதை முழுக்கப் பார்த்தார். அதன்பிறகுதான் கோமளம் சிஸ்டரைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். சிஸ்டருக்கு முகம் சுருங்கிவிட்டது.

"சோர கண்டா அவரு பேடிக்கும் மேடம். ஒரு அம்மை இவிடெ போதம் கெட்டு வீணு. அதுகொண்டல்லே ஞான் கழுகுந்நது?" ரத்தத்தைப் பார்த்து ஒரு தாய் மயங்கி விழுந்திருக்கிறாள். அன்றிலிருந்து யாரும் சொல்லாமலே சிஸ்டர் கழுவத் தொடங்கியிருக்கிறார்.

மேடம் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "சிஸ்டர் செய்தது நல்ல காரியம். அது நிறுத்தண்டா. எனிக்கு ஒரு துண்டு முதல்ல தந்துட்டு, அப்புறம் கழுகி, எல்லாருக்கும் காட்டிக்கோ."

"அத்ரயோ?" என்றார் சிஸ்டர். "அது ஆத்தியமே பறயாமாயிருந்நு." முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்கிறார். நியாயம்தான்.

சர்ஜன் வேறு கவலைப்பட்டார். ஒரு மூலை வெட்டுப்பட்ட கட்டியைக் காட்டினால், மிச்சம் எங்கே என்று சண்டைக்கு வருவார்கள் என்றார். இரண்டு தடவை வந்தார்கள். குடுவையின் மூடியைத் திறந்து புகையைக் காட்டி, "இங்க இருக்கு, பரிசோதனைக்கு" என்றேன். புகையைப் பார்த்ததும் பெரிய வைத்தியம் நடக்கிறது என்று மரியாதையாகப் போய்விட்டார்கள்.

அடுத்தடுத்து வந்த துண்டுகளில் இருக்கிறது, இல்லை, இருக்கிறது, இருக்கிறது என்று பலன் வந்தது. பேராசிரியர் தாள்களைப் புரட்டினார். "அப்போ இதுவரை செய்ததெல்லாம் போயி" என்றார். "போயி சார்" என்றார் மேடம். அவ்வளவுதான் பேச்சு. முதல் நாளிலிருந்து செய்வதுபோல எல்லாவற்றையும் மறுபடி தொடங்கினார்.

இதெல்லாம் உறுதியாகி முடிப்பதற்குள் பகவதி வார்டில் இல்லை. புண் ஆறியதும் அனுப்பிவிட்டார்கள். அவளுக்கு மாத்திரை கேட்கும் என்று இந்த ஊரில் மூன்று பேருக்குத் தெரியும். தெரிய வேண்டியவளுக்குத் தெரியாது. முகவரி என்று கொடுத்திருந்த இடத்தில் கட்டடம் முடிந்து வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள்.

மேடம் என்னிடம், "அண்ணாச்சிக்கு இவங்க எல்லாம் எவிடெ போகும்னு தெரியுமல்லோ?" என்றார். அலைந்து திரிந்ததற்காக என்னை அதுவரை யாரும் வேலைக்கு வைத்ததில்லை. சாலைக் கடைத்தெருவுக்குப் போய், மேஸ்திரிகள் கம்பியும் ஆணியும் வாங்கும் இரும்புக்கடைகளில் விசாரித்தேன். பழவங்காடி முக்கில் காலையில் கூலிக்கு நிற்கிறவர்களிடம் கேட்டேன். ஒரு கொத்தனார், "முதுகு வலிக்காரியா? அந்தக் கூட்டம் வித்துராவுக்குப் போயாச்சு. ரோட்டுப் பாலம் கட்டுறாங்க" என்றார்.

பொன்முடி போகும் பஸ்ஸில் ஏறி வித்துராவில் இறங்கி, சந்தையைத் தாண்டி நடந்தேன். ஓடைக்கரையில் ஓலைக்கொட்டகை. பகவதி அடுப்படியில் இருந்தாள். சாந்துச் சட்டி தூக்க முடியாததால் ஆட்களுக்குச் சமைக்க வைத்திருந்தார்கள். எழுந்திருக்க ஒரு கம்பை ஊன்றினாள்.

"யாரு, சாம்பிராணிச் சட்டியா? இன்னும் வெட்டிட்டுப் போக என்ன பாக்கி இருக்கு?"

"வெட்டுறதுக்கு வரலக்கா. ஒரு மாத்திரை இருக்கு. ஒனக்குக் கேக்கும்னு லேபுல தெரிஞ்சிருக்கு. கூட்டிட்டுப் போக வந்தேன்."

"ஒண்ணும் செய்யறதுக்கில்லன்னு சொல்லித்தான அனுப்பினாவ? இப்ப எப்படித் தெரிஞ்சுது?"

சொன்னேன். வெந்நீர்க் கதையையும் சொன்னேன். அகப்பையால் குழம்பைக் கிண்டியபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எல்லாருக்கும் கழுவுனாவ. எனக்கு மட்டும் ஏன் கழுவல?"

மேடத்திடம் பழகிய பழக்கம், கண்டதைச் சொல்லிவிட்டேன். "காட்டுறதுக்கு ஆள் இல்லக்கா."

அடுப்பில் விறகைத் தள்ளினாள். "அப்ப எனக்கு ஆளில்லாததுதான் மருந்துங்கீரு" என்றாள். சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போயிற்று. பிறகு, "அத யாருமே பாக்கலையா?" என்று கேட்டாள்.

"நான் பாத்தேன்."

"எப்படி இருந்துச்சு?"

"பெருசா இருந்துச்சு. நடுவுல கல்லு மாதிரி வெள்ளையா. சுத்தி மஞ்சளா."

"எதுல வச்சிருந்தாவ?"

"பச்சைத் துணி விரிச்ச தட்டுல. மரியாதையாத்தான் வச்சிருந்தாங்க."

"மூணு பிள்ளைக்குப் பால் குடுத்தது, அண்ணாச்சி. பிள்ளையளும் தங்கல." குழம்பை இறக்கி வைத்தாள். "நீரு பாத்தது நல்லதாப் போச்சு. ஒருத்தராவது பாக்கணும்லா?"

ஓடையில் தண்ணீர் சத்தம் கேட்டது.

"இனிமே என்னை மாதிரி ஆளில்லாம எவளாச்சும் வந்தா, மூட்டையக் கட்டிட்டு ஓடாதீரும். நின்னு பாரும்" என்றாள். ஆட்களுக்குச் சோறு போட்டுவிட்டுத்தான் வருவேன் என்றாள். அதுவரை காத்திருந்தேன். எனக்கும் ஓர் இலை போட்டாள். புளிக்குழம்பு, நல்ல உறைப்பு. சாயங்கால பஸ்ஸில் ஜன்னலோரம் அவளை உட்கார வைத்து, பள்ளம் வரும்போதெல்லாம் முதுகுக்கு என் துண்டைச் சுருட்டிக் கொடுத்தேன்.

டமாக்ஸிபென் மாத்திரை. மேடம் எங்கெங்கோ கேட்டு வாங்கி வைத்திருந்தார். முதல் மாதம் ஒன்றும் தெரியவில்லை. பகவதி, "கசப்பாவது இருந்தா மருந்துன்னு நம்பலாம்" என்றாள். அப்புறம் ஒருநாள் கம்பு இல்லாமல் லேப் படியேறி வந்தாள். மேடம் குளிர் அறைக்குள் இருந்தார். நான் கண்ணாடியில் தட்டினேன். அவர் வெளியே வந்து, ஸ்வெட்டரோடு நின்று, அவள் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன டாக்டரம்மா, ஊரே வேகுது, நீங்க கம்பளியப் போட்டுட்டு நிக்கீக?" என்றாள் பகவதி.

நோய் முழுக்கப் போய்விட்டது என்று எழுதினால் பொய். மாத்திரை அதைக் கட்டி வைத்தது, சில வருஷங்களுக்கு. அந்த வருஷங்களில் அவள் சாலைக் கடைத்தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையலுக்கு நின்றாள். மாத்திரை வாங்க வரும்போதெல்லாம் எனக்குப் புளிக்குழம்பு கொண்டுவந்தாள். மேடத்துக்குக் கொடுத்தால் உறைப்பில் கண்ணீர் விட்டுக்கொண்டே சாப்பிடுவார்.

மேடத்தின் ஆராய்ச்சி முடிந்து, கட்டம்போட்ட படங்களோடு பெரிய புத்தகமாகக் கட்டி வந்தது. பகவதி அதை மடியில் வைத்துப் புரட்டி, "இதுல நான் எங்க இருக்கேன்?" என்று கேட்டாள். மேடம் ஒரு பக்கத்தைத் திறந்து, கீழே அப்பிக் கிடந்த புள்ளிகளுக்கு மேலே ஒற்றையாக நின்ற ஒரு புள்ளியைத் தொட்டுக் காட்டினார்.

"இங்கயும் தனியாத்தான் நிக்கேன்" என்றாள்.

"இல்லா" என்று மேடம் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். அதில் மேலேயும் நிறையப் புள்ளிகள். "இவங்க எல்லாரும் நிங்களுடெ பின்னாடி வந்தவங்க." பகவதி குனிந்து பார்த்தாள். எழுத்துத் தெரியாதவள், புள்ளிகளை விரலால் தடவினாள்.

அவள் போனபோது சுடுகாட்டுக்குக் கடைக்காரர்களும் நானும் மேடமும் போனோம். ஆள் இருந்தது.

வித்துராவில் அவள் சொன்னதை நான் விடவில்லை. யாருக்காவது ஆள் இல்லை என்றால், துண்டைக் குடுவைக்குள் இறக்கி, சுர் சத்தம் நின்றபின் மூடியைப் போட்டுவிட்டு, மறுபடி வாசலுக்குப் போவேன். உறைந்தபின் அவசரமில்லை என்றுதான் சொன்னேனே. கோமளம் சிஸ்டர் கழுவித் துடைத்துக் கொண்டுவருவார். ஆள் இல்லை என்று தெரிந்தும் முறைப்படி, "ஆளு உண்டோ?" என்று கூப்பிடுவார். "உண்டு சிஸ்டர்" என்று முன்னால் போய் நிற்பேன். தட்டைப் பார்ப்பேன். கண் விழித்தபின் அந்தப் பெண்கள் கேட்டால் சொல்வதற்காக நன்றாகப் பார்த்துக்கொள்வேன். பலர் கேட்டார்கள்.

ஒரு வேலையிலும் தங்காமல் அலைந்தவனைப் பிடித்து உட்கார வைத்து, கண்டதைச் சொல் என்று கேட்ட மேடத்துக்கும், நான் கண்டதே போதும் என்று வைத்துக்கொண்ட பகவதிக்கும் நான் கடன்பட்டவன். எனக்கு ஓய்வூதியம் வருகிறது, வீடு இருக்கிறது, மேடம் கிறிஸ்துமஸுக்குத் தவறாமல் ஏலக்காய் அனுப்புகிறார். குறையொன்றுமில்லை.

போன மாதம் கண் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். பழக்கத்தில் கால் தியேட்டர் மாடிக்குப் போய்விட்டது. குடுவை போய்விட்டாலும் தட்டு போகவில்லை. சின்ன வயது சிஸ்டர் ஒருத்தி கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு வந்து ஒரு பெயரைச் சொல்லி, "ஆளு உண்டோ?" என்றாள். பெஞ்சில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவள் இரண்டாம் முறையும் கூப்பிட்டாள். திரும்பப் போனாள்.

"உண்டு" என்று எழுந்தேன்.

கண்ணில் மருந்து விட்டிருந்தார்கள், சரியாகத் தெரியவில்லை. கிட்டப் போய்க் குனிந்து பார்த்தேன். அந்தப் பெண் தட்டைச் சாய்க்காமல் பிடித்துக்கொண்டு, "அப்பூப்பன் இவருடெ ஆரா?" என்று கேட்டாள். தாத்தா இவருக்கு யார் என்கிறாள்.

"ஆளு" என்றேன்.